பதினோராம் எண்

சிலமலை சமுதாயக்கூடத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டியிருந்த பேனரை யாரும் முழுதாகப் படிக்கவில்லை. 'போதை தரும் மருந்துகளின் தவறான பயன்பாட்டைத் தடுத்தலும் கட்டுப்படுத்தலும்: ஆய்வு முடிவுகளைப் பகிர்தல்' என்று அது இரண்டு வரிக்கு நீண்டிருந்தது. இவ்வளவு நீளத்துக்கு எழுதினால் யார் படிப்பார்கள்? கருத்தம்மாளின் ஜீப்பில் மலைக்குப் போய்வரும் பெண்கள் பதினாலு பேரும் அதற்கு நேர் கீழே சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீயோடு வடை வருமா வராதா என்பதில் குறியாக இருந்தார்கள்.

கருத்தம்மாளின் ஜீப் என்பது ஊர் பேச்சு. ஜீப் அவள் தம்பி பால்பாண்டியுடையது, ஓட்டுவதும் அவன்தான். ஆனால் ஆள் சேர்ப்பது, எஸ்டேட்டில் பேசுவது, ஒருத்தி நின்றுவிட்டால் வேறொருத்தியைப் பிடிப்பது எல்லாம் கருத்தம்மாள். விடிந்தும் விடியாமலும் கிளம்பி, போடியைத் தாண்டி, போடிமெட்டு ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு சாயங்காலம் இறங்க வேண்டும். ஏற பதினேழு கொண்டை ஊசி வளைவு, இறங்க பதினேழு. பன்னிரண்டு வருஷமாக அவள் முன்சீட்டில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்வருகிறாள். ஒரு நாள்கூட அந்த வளைவுகளைப் பார்த்துப் பயந்ததில்லை.

கூட்டத்தைக் கூட்டியவள் வித்யா. போடியில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி சொல்லிக்கொடுக்கிற டீச்சர். போன ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இவர்களுடனேயே ஜீப்பில் ஏறி வந்து, உணவு நேரத்தில் ஒவ்வொருத்தியாகத் தனியே கூப்பிட்டு, வலி மாத்திரை போடுவதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஏலச்செடி தரையோரத்தில் காய்க்கிற செடி. நாள் முழுக்கக் குந்தியிருந்து எடுத்தால் முழங்காலும் இடுப்பும் ராத்திரி தூங்க விடாது. மாத்திரை போடாமல் யார் இருக்கிறார்கள்? அதையெல்லாம் சொல்ல என்ன வெட்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். வித்யா ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்தாள். அதில் ஒரு நம்பர். புத்தகத்தில் பேர் வராது, நம்பர்தான் வரும், அதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றாள். அதை அவள் மிகவும் அழுத்திச் சொன்னாள்.

இப்போது தேனியில் அதிகாரிகள் முன்னால் வாசிப்பதற்கு முந்தி, சொன்னவர்களிடமே முதலில் காட்ட வேண்டும் என்று நான்கு பக்கத்துக்குத் தமிழில் ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். நல்ல மனசுதான். ஆனால் அந்தத் தமிழ் இருக்கிறதே, அது வேறு ஊர்த் தமிழ். 'சார்புநிலை' என்று ஒரு வார்த்தை பக்கத்துக்கு நாலு இடத்தில் வந்தது. ஜீப்பில் வருகிறவர்களில் பன்னிரண்டாவது வரை படித்த அனுசியாவுக்கே அது புரியவில்லை. கருத்தம்மாளோ புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, புரிந்தவள் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் பக்கம் வந்தபோதுதான் தலையாட்டல் நின்றது. வித்யா நிதானமாக வாசித்தாள். பதினைந்து தொழிலாளர்களில் ஒன்பது பேர் வாரத்தில் சில நாள் மாத்திரை போடுகிறார்கள். நான்கு பேர் தினமும் போடுகிறார்கள். அவர்களில் பதினோராம் எண்ணுக்கு உரியவர் தினமும் எட்டு முதல் பத்து வரை போடுகிறார், இரண்டு வருஷமாக. போடாத நாளில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. போட்ட நாளில் வேலை நேரத்திலேயே கண் சொருகுகிறது. அந்த ஒருவருக்குக் கட்டாயம் வைத்தியம் வேண்டும் என்று சொல்லும்போது வித்யா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எட்டு முதல் பத்தா? வடை வந்தது, யாரும் எடுக்கவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே குழாயடிக்கு வந்ததும் அத்தனை பேரும் அத்தனை பேரையும் பார்த்தார்கள். யாரடி அது? எஸ்டேட்டுக்குத் தெரிந்தால் ஒருத்தியை மட்டுமா நிறுத்துவான், ஜீப்பையே நிறுத்திவிடுவான். இந்தப் பயத்தில் வித்யா கட்டிக்காத்த ரகசியம் ஐந்து நிமிஷத்தில் காலியானது. உன் நம்பர் என்ன, உன் நம்பர் என்ன என்று ஆளுக்கு ஆள் கேட்டு, அனுசியா புத்தகத்தின் பின்னட்டையில் வரிசையாக எழுதினாள். கருத்தம்மாள் தன்னுடையது நாலு என்றாள். ரெண்டு பேர் சீட்டையே முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்கள். எழுதி முடித்தபோது பதினாலு பேருக்கும் நம்பர் இருந்தது, பதினொன்று மட்டும் யாருக்கும் இல்லை.

அங்கேதான் குழப்பம். ஜீப்பில் பதினாலு ஆள். எஸ்டேட் நோட்டில் பதினாலு ஆள். போலீஸ் மறித்தாலும் பதினாலு ஆள்தான் சொல்வது. புத்தகத்தில் எப்படிப் பதினைந்து வரும்? படித்தவர்கள் எண்ணுவதில் தப்பு விட மாட்டார்கள் என்று ஒருத்தி. அவர்கள்தான் அதிகம் விடுவார்கள் என்று இன்னொருத்தி. அப்போது அனுசியா சொன்னாள், நடுவில் கொஞ்ச நாள் சந்திரவல்லி வந்தாளே என்று.

ஆமாம், வந்தாள். ராசிங்காபுரத்துக்காரி. புருஷன் இல்லை, தேனியில் நர்ஸுக்குப் படிக்கிற மகள் உண்டு. போன காய் எடுப்பில் ஒருத்திக்கு உடம்பு முடியாமல் போனபோது மாற்றாளாக மூன்று வாரம் வந்துவிட்டுப் போனாள். இந்த வருஷம் ஒருத்தி பிள்ளைப்பேறுக்கு நிற்பதால், நாளை திங்கட்கிழமையிலிருந்து அந்த இடத்துக்கு நிரந்தரமாக வருகிறாள். வாக்குக் கொடுத்ததே கருத்தம்மாள்தான். பேர் வாயில் வந்ததுதான் தாமதம், ஆளுக்கொன்று ஞாபகம் வந்தது. அவள் கை நடுங்கும். அவளுக்கு வியர்க்கும். சாப்பிட்டுவிட்டுச் செடியடியில் கண் அசந்தாள். ஒருத்தர் மேல் சந்தேகம் வந்துவிட்டால் அவர் தும்மினதுகூடச் சாட்சிக்கு வந்துவிடும்.

இந்தக் கூத்து நடக்கும்போது பால்பாண்டி கூடத்துக்கு எதிரே ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். யாரும் அவனைப் பொருட்படுத்தவில்லை. பொம்பளைப் பேச்சு என்று அவன் ஒதுங்கி நிற்பதாக கருத்தம்மாள் நினைத்தாள்.

பொழுது சாய்வதற்குள் அவள் ராசிங்காபுரம் போனாள். சந்திரவல்லி, அட்டை கடிக்குமே என்று பயந்து வாங்கின புது ரப்பர் பூட்ஸை எடுத்துக்கொண்டுவந்து காட்டினாள். அதைப் பார்த்த பிறகு வாயைத் திறப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. திறந்தாள், பதினோராம் நம்பரைப் பற்றிச் சொல்லி நாளைக்கு வர வேண்டாம் என்றாள். சந்திரவல்லி அழவில்லை, சத்தம் போடவுமில்லை.

"எனக்கு எந்த நம்பரும் குடுக்கலக்கா. நான் வந்தது மார்கழியில. அந்த டீச்சரு அதுக்கு முந்தியே வர்றத நிறுத்திருச்சு. நான் அவுகளப் பாத்ததே இல்ல."

கருத்தம்மாள் மாதத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஐப்பசி, கார்த்திகை. அவள் சொல்வது சரியாக இருந்தது. சரியாக இருந்ததே பெரிய தொந்தரவாகிவிட்டது, ஏனென்றால் ஜீப்பில் மற்றவர்களுக்கு, நாளைக்கு இவள் வரமாட்டாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஒரு வாரம் போகட்டும், பார்ப்போம் என்று முனகிவிட்டு எழுந்தாள். தப்பு செய்கிறோம் என்று பாதி தெரிந்தே செய்தாள், அதை இங்கே மூடி மறைக்கப் போவதில்லை.

வரும் வழியில் வித்யாவுக்குப் போன் போட்டாள். உங்கள் கணக்கில் ஓர் ஆள் கூட இருக்கிறது டீச்சர் என்றாள். இல்லையக்கா, பதினைந்துதான் என்றாள் வித்யா. அப்படியானால் அந்தப் பதினோராவது நம்பர் யார், என்னிடம் மட்டும் சொல்லுங்கள் என்று கருத்தம்மாள் கெஞ்சினாள். அதை மட்டும் கேட்காதீர்கள், பேரைச் சொல்ல மாட்டேன் என்ற வாக்கின் மேல்தான் அவர் என்னிடம் பேசினார் என்றாள் வித்யா. அவர் தானாக என்னிடம் வந்தால் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன், தினமும் மூன்று தடவை போன் போட்டுப் பார்க்கிறேன், எடுக்க மாட்டேன் என்கிறார் என்றும் சொன்னாள். போனை வைத்த பிறகு கருத்தம்மாள் முன்னைவிட அதிகமாகக் குழம்பினாள்.

திங்கட்கிழமை விடிகாலை சந்திரவல்லிக்குப் பதிலாக அனுசியாவின் நாத்தனாரை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது. ஞாயிறு சாயங்காலத்திலேயே செய்தி போன் வழியாக ஊர் ஊராகப் போயிருந்தது. பொட்டிபுரம் ஜீப்காரர்களும் சந்திரவல்லியை ஏற்ற வேண்டாம் என்று பேசிக்கொண்டார்களாம். பின்னால் இருந்த பெண்கள் அதைச் சொல்லி, நல்லவேளை தப்பித்தோம் என்று நிம்மதிப்பட்டார்கள். ஜீப் வளைந்து வளைந்து ஏறியது. பால்பாண்டி திரும்பிப் பார்க்காமல் ஓட்டினான்.

போடிமெட்டு செக்போஸ்ட்டில் அன்றைக்குப் புது ஆள் நின்றான், மலையாளி. கையில் ஏதோ படிவம்.

"எத்ர ஆளுண்டு, சேச்சி?"

"பதினாலு," என்றாள் கருத்தம்மாள், வழக்கம்போல.

அவன் விரலை நீட்டி எண்ணினான். பின்னாலிருந்து தொடங்கி முன்சீட்டுக்கு வந்து, அவளையும் தாண்டி விரலை நகர்த்தினான்.

"டிரைவரும் கூட்டி பதினஞ்சு," என்று எழுதிக்கொண்டான்.

கருத்தம்மாள் அந்த விரல் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் தம்பியை ஆளாக எண்ணினதில்லை. எண்ண வேண்டிய அவசியமே வரவில்லை. ஆள் என்றால் காய் எடுக்கிறவள். ஓட்டுகிறவன் வண்டியோடு சேர்ந்தவன். மேலே போனதும் இவர்கள் செடிக்குள் நுழைந்துவிடுவார்கள், அவன் சாயங்காலம் வரை ஜீப்போடு கிடப்பான். வித்யா டீச்சர் சரிவில் இறங்கப் பயந்துகொண்டு பாதி நாள் ஜீப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போது இவர்கள் சிரித்தார்கள். அவள் பயந்துபோய் உட்கார்ந்திருக்கவில்லை. அவனிடம் கேட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வண்டி நகர்ந்தது. ஸ்டீயரிங் மேலிருந்த தம்பியின் கையையே அவள் பார்த்தாள். நடுங்கவில்லை. நடுங்காதது நல்லதா கெட்டதா? புத்தகத்தில் போட்டிருந்தபடி பார்த்தால் நடுங்காத கைதான் மாத்திரை போட்ட கை. முகத்தைப் பார்த்தாள். இமை கனத்துக் கிடந்தது. தினமும் பார்க்கிற முகம், இது எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று யோசித்தால் ஒன்றும் பிடிபடவில்லை.

அன்றைக்குக் கை ஓடவில்லை. பிஞ்சும் காயுமாகப் பறித்துவிட்டு மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினாள். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களை விட்டுவிட்டு ஜீப்புக்குப் போனாள். பால்பாண்டி பின்சீட்டில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். வெயில் இல்லாத மலைக்குளிரில் அவன் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அவள் தூக்குவாளியைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை. கடைசியில் நேராகவே சொன்னாள்.

"நேத்து எல்லாரும் அவுகவுக நம்பரச் சொன்னாக. நீ மட்டும் சொல்லல."

அவன் மறுக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டாயா என்றும் கேட்கவில்லை. சட்டைப் பையைத் தடவினான், அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடுப்பு பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியாமல் நின்றபோது இன்னொரு டிரைவர் ஒரு மாத்திரை கொடுத்தானாம். ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது. சீட்டு இல்லாமல் கொடுக்கிற கடை கீழே எங்கே இல்லை? வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த டீச்சரிடம் சொன்னது, பேரைக் கேட்காமல் கேட்டாள் என்பதால்தானாம். சொல்லிவிட்டு அன்றைக்கு ஜீப்பிலேயே அழுதானாம்.

கருத்தம்மாளுக்குக் கோபம் வந்தது. அம்மா போன பிறகு தன் கையால் சோறு போட்டு வளர்த்த பயல், அக்காளிடம் சொல்லாததை ஊர்பேர் தெரியாத டீச்சரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். கோபத்துக்குப் பின்னாலேயே வருத்தம் வந்தது. சொல்லியிருந்தால் தான் என்ன செய்திருப்போம்? நேற்று சந்திரவல்லிக்குச் செய்ததைத்தானே செய்திருப்போம்?

"காலைல எத்தன போட்ட?"

"நாலு."

"அத இன்னியோட விட்டுரு. சாயங்காலம் போடாம வண்டிய எடு."

பால்பாண்டி அவளை நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"போடாம எடுத்தா கை நடுங்குதுக்கா. போட்டு எடுத்தா வளைவுல கண்ணு சொக்குது. ரெண்டுல எதுல ஒங்கள எறக்கட்டும்னு நீயே சொல்லு."

கருத்தம்மாள் தூக்குவாளியை மூடிக்கொண்டு செடிக்குள் போய்விட்டாள்.

மத்தியானம் பூராவும் அவள் மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. யாருக்கும் தெரியாது. பழி ஏற்கெனவே ஒருத்தி தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. தான் வாயைத் திறக்காவிட்டால் தம்பி ஜீப் ஓடும், பதினாலு வீட்டு அடுப்பு எரியும். மெதுவாக அவனைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடலாம், ஒரு மாதம், இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் பதினேழு வளைவில் இவர்களை யார் இறக்குவது? சந்திரவல்லி அந்தப் புது பூட்ஸை வைத்துக்கொண்டு எந்த ஜீப் முன்னால் போய் நிற்பாள்? ஒரு பக்கம் யோசித்தால் தம்பிக்குத் துரோகம், மறுபக்கம் யோசித்தால் கொலைக்கு உடந்தை. நியாயத்தைச் சொல்ல வேண்டியவள் அவளே, கேட்க ஆள் இல்லை. எதற்கு இந்த டீச்சர் வந்தாள், எதற்குப் புத்தகம் போட்டாள் என்றுகூடத் திட்டிப் பார்த்தாள். திட்டினதில் ஒன்றும் தெளியவில்லை.

நாலு மணிக்குப் பெண்கள் காயை எடைக்குப் போட்டுவிட்டு வந்து ஜீப்பில் ஏறத் தொடங்கினார்கள். பால்பாண்டி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்தான். சாவி போட்டிருந்தது, வண்டியைக் கிளப்பவில்லை. அவன் அக்காளைப் பார்த்தான். அவள் என்ன சொல்கிறாளோ அதைச் செய்வதற்குக் காத்திருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. மாத்திரையைப் போடு என்றால் போடுவான்.

"எறங்குங்கடி," என்றாள் கருத்தம்மாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "மெட்டு வரைக்கும் நடப்போம். பஸ்சுல போவோம்."

வண்டிக்கு என்ன என்று கேட்டார்கள். அவள் வேறொன்றைச் சொன்னாள்.

"சந்திரவல்லி இல்ல. பதினொண்ணு அவ இல்ல. நாம அந்தப் புள்ளைக்கு அநியாயம் பண்ணிப்புட்டோம்."

அப்படியானால் யார் என்று அனுசியா கேட்டாள். டீச்சர் கொடுத்த வாக்கை உடைக்க தனக்கு என்ன உரிமை இருக்கிறது? உடைக்காமல் இருக்கத்தான் என்ன உரிமை? பதினாலு பேரும், இல்லை, அவளைத் தவிர்த்துப் பதிமூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அப்போது அவளுக்குப் பின்னால் ஜீப்பின் கதவு திறந்து மூடியது.

"நான்தான்," என்றான் பால்பாண்டி.

ஒருத்தி தன் குழந்தையின் பேரைச் சொல்லி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இறங்கினவர்கள் ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தார்கள். பால்பாண்டி கடைசியாக நடந்தான், அவனோடு யாரும் சேர்ந்து நடக்கவில்லை.

பஸ்சில் கருத்தம்மாள் அவனை ஜன்னலோரம் உட்கார வைத்துக்கொண்டாள். மெட்டு தாண்டி போன் பிடித்ததும் சந்திரவல்லிக்கு அடித்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். மூன்றாவது தடவை அந்தப் பக்கத்திலேயே கட் பண்ணிவிட்டார்கள். நாளைக்கு நேரில் போய் அவள் முன்னால் நிற்க வேண்டும், நின்றாலும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வளைவு வரும்போதெல்லாம் பால்பாண்டியின் வலது கால் பஸ்சின் தரையை அழுத்தியது, இல்லாத பிரேக்கை. கை நடுங்கத் தொடங்கியிருந்தது. அவள் அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டாள். மாத்திரையைத் தன்னிடம் கொடு என்று கேட்கவில்லை, அதைக் கேட்கலாமா கூடாதா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. போடாமல் சட்டென்று விட்டுவிடுவதும் ஆபத்து என்று டீச்சர் புத்தகத்தில் எங்கேயோ இருந்த மாதிரி ஞாபகம்.

போடிக்குள் வந்ததும் ஆஸ்பத்திரிப் பக்கம் நிறுத்தச் சொல்லி கண்டக்டரிடம் சொல்லியிருந்தாள். பஸ் நின்றது. பால்பாண்டி எழுந்திருக்கவில்லை.

"அக்கா, உள்ள போயி என்னன்னு சொல்ல?"

"டீச்சர்கிட்டச் சொன்னத அப்படியே சொல்லு."

"அவுக பேரு கேக்கல. இங்க கேப்பாகளே."

"கேப்பாக," என்று சொல்லிவிட்டு கருத்தம்மாள் முதலில் இறங்கி, அவன் இறங்குவதற்காகக் கீழே நின்றாள்.